ஸ்கேனர் சோதனைக்குப் பின் ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

சோதனைக்குக் கொடுக்கும் வரை என் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மீட்டரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்ததால், ஸ்கேனர் மாட்டிப் பார்த்துச் சொல்லும்படி ஒரு பணிமனையில் விட்டேன். வண்டி பதிவு செய்து வைத்திருந்த பிழைக்குறியீடு படிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது, இப்போது பிழை ஏதும் இல்லை என்று அறிக்கையும் கைக்கு வந்தது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அடுத்த ஒன்பது நாட்களில் புது பேட்டரி வாங்கினேன், ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூ போய்விட்டது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதற்கும் விலை விசாரித்தேன். உண்மையான காரணம் எந்த உதிரிபாகமும் வாங்கத் தேவையில்லாத ஒன்றாக இருந்தது. அதை 6-ஆம் படியில் சொல்கிறேன்.

அந்த ஒன்பது நாட்களில் நான் தெரிந்துகொண்டது இதுதான். ஓடிக்கொண்டிருந்த வண்டி சோதனைக்குப் பிறகு நின்றுவிட்டால், காரணம் பெரும்பாலும் சோதனையின்போது கை பட்ட இடங்களிலேயே இருக்கும். ஆகவே தேடலைப் புதிதாக ஏதோ பழுதாகிவிட்டது என்ற இடத்திலிருந்து தொடங்காமல், எதைக் கழற்றினார்கள், எதை இயக்கினார்கள், எவ்வளவு நேரம் சாவியைப் போட்டு வைத்திருந்தார்கள் என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்.

இந்த வழிகாட்டி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் ஈசியூவும் உள்ள வண்டிகளுக்கானது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் 3, 4 ஆகிய படிகள் மட்டும் உதவும். வேலையைத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை நான்கு: வண்டியுடன் வந்த உரிமையாளர் கையேடு, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டார்ச், புகைப்படம் எடுக்க ஒரு செல்பேசி.

1. சோதனையில் என்ன செய்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

செல்ஃபை மறுபடி மறுபடி அழுத்துவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பேட்டரி இறங்குகிறது, பிளக் இன்னும் நனைகிறது, பிறகு எது காரணம் எது விளைவு என்று பிரிக்க முடியாமல் போகிறது.

சோதனை செய்தவரிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள். முதலாவது, வேலைச் சீட்டு; எந்தெந்த பேனல்களும் கனெக்டர்களும் கழற்றப்பட்டன என்பது அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, குறியீடுகளை அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கை. மூன்றாவது, அழித்த பின் எடுத்த அறிக்கை. இந்த இரண்டில் முன்னது தான் முக்கியம், ஆனால் பெரும்பாலும் பின்னதை மட்டுமே கொடுப்பார்கள். பழைய குறியீடும், அது பதிவான நேரத்தில் இருந்த இன்ஜின் வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களும் அழித்தவுடன் பல வண்டிகளில் மறைந்துவிடும். ஸ்கேனரின் நினைவகத்தில் அந்த அறிக்கை சில நாட்கள் வரை கிடக்கக்கூடும் என்பதால் அன்றே கேட்பது நல்லது.

நேரில் மூன்று கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை எவ்வளவு நேரம் போட்டு வைத்திருந்தீர்கள்? இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் ஆகியவற்றை ஸ்கேனர் வழியாக இயக்கிப் பார்த்தீர்களா? ஈசியூவில் புதிய மென்பொருள் ஏற்றினீர்களா? இந்த மூன்றுக்கும் வரும் பதில் முறையே 4, 7, 10 ஆகிய படிகளுக்கு உங்களை அழைத்துச் செல்லும்.

வாரண்டி காலம் முடியாத வண்டியானால், வாரண்டி புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். அந்த நிலையில் வயரை வெட்டுவதோ, சீலிட்ட பாகத்தைத் திறப்பதோ கூடாது. பார்ப்பது, அளப்பது, கனெக்டரைக் கழற்றி மாட்டுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. வண்டியைச் சோதனை நிலையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்

சாவியை அணையுங்கள். ஸ்கேனரோ, புளூடூத் அடாப்டரோ மாட்டியிருந்தால் கழற்றுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் சோதனை கனெக்டர் ஐஎஸ்ஓ 19689 தரத்தில் அமைந்த 6 முனைக் கனெக்டராக, பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே இருக்கும். பழைய வண்டிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் மாறும். சிலவற்றில் ஸ்கேனரே இல்லாமல், இரண்டு முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்து, எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் குறியீட்டைப் படிப்பார்கள். அந்தச் சிறு வயர் துண்டோ, இணைப்பானோ கனெக்டரிலேயே தங்கிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டை மூடும் அவசரத்தில் அது விடுபட்டுப் போவது உண்டு. இருந்தால் எடுத்துவிட்டு, கனெக்டரின் மூடியைப் போடுங்கள்.

சில வண்டிகளில் மீட்டரில் உள்ள பொத்தான்களை அழுத்திப் பிடித்தே சோதனை நிலைக்குள் போவார்கள். மீட்டரில் வழக்கமான கிலோமீட்டருக்குப் பதிலாக ஏதேனும் குறியீடு தெரிந்தால், வண்டி இன்னும் அந்த நிலையில்தான் இருக்கிறது. சாவியை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் மீண்டும் போடுங்கள்.

3. கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், கிளட்ச்

இதைப் படித்ததும் தாண்டிச் செல்லாதீர்கள். சோதனையின்போது இன்ஜின் தற்செயலாக ஓடிவிடாமலிருக்க, ஹேண்டிலில் இன்ஜினை நிறுத்துவதற்கென உள்ள கில் சுவிட்சை அணைத்து வைப்பது வழக்கம். சில வண்டிகளில் காயிலையும் இன்ஜெக்டரையும் சோதிப்பதற்கே கில் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். அது அணைந்த நிலையில் இருந்தால், சில வண்டிகளில் செல்ஃப் சுற்றாது. வேறு சிலவற்றில் செல்ஃப் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது.

சுவிட்சை நான்கைந்து முறை தட்டி, ஓடும் நிலையில் வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டை மடக்கி, கிளட்சை முழுவதும் அழுத்தி ஒருமுறை முயலுங்கள். இதுவரை ஆன நேரம் ஐந்து நிமிடம், செலவு ஏதும் இல்லை.

4. பேட்டரியை அளந்து பாருங்கள், ஊகிக்காதீர்கள்

சோதனைக்குப் பின் வண்டி எழாமல் போவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுதான். சாவியைப் போட்டு இன்ஜினை ஓடவிடாமல் வைத்திருக்கும் நேரம் முழுவதும் பேட்டரி செலவழிகிறது, சார்ஜ் ஏறுவதில்லை. சாவி போட்டவுடனேயே முகப்பு விளக்கு எரியும் வண்டியில் 55 வாட் ஹாலஜன் பல்பு இருந்தால், அது மட்டுமே ஏறக்குறைய 4.5 ஆம்பியர் இழுக்கும். அரைமணி நேரச் சோதனையில் 2 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். வண்டியில் இருப்பது 5 ஆம்பியர் மணி பேட்டரி என்றால், அதில் பாதி அளவு சாவியை அணைக்கும்போதே காலியாகியிருக்கும். எல்இடி விளக்கானால் இழப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போகாது.

புளூடூத் அடாப்டரை மாட்டியபடியே நிறுத்தி வைத்திருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. அது 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். அதே 5 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு நாட்களில் தீர்ந்துவிடும். சாவியை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சோதனைக் கனெக்டரின் ஒரு முனைக்குப் பேட்டரியின் மின்சாரம் பல வண்டிகளில் நேரடியாக வந்துகொண்டே இருக்கும்.

மல்டிமீட்டரை நேர் மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து, சாவி அணைந்த நிலையில், வண்டி ஒரு மணி நேரமாவது சும்மா நின்ற பிறகு அளவெடுங்கள். ஈய-அமில பேட்டரியானால் 12.6 முதல் 12.8 வரை முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் அளவு. 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. லித்தியம் பேட்டரிக்கு இந்த அளவுகள் பொருந்தா. அது நல்ல நிலையில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதற்கென்று உள்ள சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்த அளவுதான் உண்மையைச் சொல்லும். மல்டிமீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபடி செல்ஃபை மூன்று விநாடி அழுத்துங்கள். அளவு 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். 9.5-க்குக் கீழே சரிந்தால், செல்ஃப் சுற்றினாலும்கூட ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம். செல்ஃப் நன்றாகத்தானே சுற்றுகிறது, பேட்டரி சரிதான் என்று நான் முடிவுகட்டியதும், பிறகு அதே பேட்டரியைச் சார்ஜ் செய்து பார்க்காமலேயே புதிதாக வாங்கியதும் இந்த ஓர் அளவை எடுக்காததால் நேர்ந்தவை.

இறங்கியிருந்தால் புதிது வாங்காமல் முதலில் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரியின் ஆம்பியர் மணி அளவில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.5 ஆம்பியர் சார்ஜிங் போதும். காலியான பேட்டரிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே மாலையில் போட்டுக் காலையில் பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது பாசிட்டிவ் முனையை முதலில் மாட்டுங்கள். அவசரத்துக்கு ஒரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க நேர்ந்தால், அந்தக் காரின் இன்ஜின் ஓடக்கூடாது. அதுவும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

பேட்டரி முனைகளின் திருகையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். ஸ்கேனருக்கோ, வெளிச் சார்ஜருக்கோ கிளிப் மாட்டிய இடத்தில் திருகு தளர்ந்திருக்கும்.

5. சாவியைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்

பேட்டரி சரியானது என்று உறுதியான பிறகு, சத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, கில் சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்க, சாவியைப் போடுங்கள். டேங்கின் அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ஒரு மெல்லிய இரைச்சல் வந்து நிற்க வேண்டும். அது பெட்ரோல் பம்ப் அழுத்தத்தை ஏற்றும் சத்தம். அதே நேரத்தில் மீட்டரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைய வேண்டும்; சில வண்டிகளில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணையும்.

அந்த விளக்கு எரியவே இல்லையென்றால் பெரும்பாலும் ஈசியூவுக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள். ஃபியூஸ்களையும் ஈசியூவின் எர்த் வயரையும் பாருங்கள். ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், கழற்றி, அதன் வழியாக மின்சாரம் போகிறதா என்று மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். விளக்கு எரிகிறது, பம்ப் சத்தம் மட்டும் இல்லையென்றால், பம்ப்பின் கனெக்டர், அதன் ஃபியூஸ் அல்லது ரிலே, அல்லது அடுத்த படியில் வரும் சாய்வு சென்சார் என்று தேடல் சுருங்கும். பம்ப் ஓடுகிறது, செல்ஃபும் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் பிளக், இன்ஜெக்டர், இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். செல்ஃபை அழுத்தினால் டக் டக் என்று ரிலே மட்டும் அடித்துக்கொண்டால் 4-ஆம் படிக்கே திரும்புங்கள்.

செல்ஃபை எப்போதும் ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் அரை நிமிடமாவது விடுங்கள்.

6. கை பட்ட கனெக்டர்களும், சாய்வு சென்சாரும்

என் ஒன்பது நாட்கள் கரைந்தது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாவியை அணைத்து, நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின், வேலைச் சீட்டில் உள்ள ஒவ்வொரு கனெக்டரையும் திறந்து பாருங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு நாக்கு கிளிக் என்று விழுந்திருக்கிறதா, பச்சைப் பூஞ்சை போன்ற களிம்பு உண்டா, ஈரம் உண்டா, ஏதேனும் முனை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பொறி ஒன்று உண்டு. சோதிக்கும்போது மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கனெக்டரின் வாய்ப்பக்கமாகக் குத்தியிருந்தால், உள்ளே இருக்கும், எதிர் முனையை ஏற்கும் மெல்லிய பெண் முனை விரிந்துபோகும். பிறகு கனெக்டரை மாட்டினால் பார்வைக்குச் சரியாக இருக்கும், பூட்டும் விழும், ஆனால் உலோகமும் உலோகமும் தொடாது, அல்லது அதிர்வில் விட்டு விட்டுத் தொடும். அதே அளவுள்ள ஆண் முனை ஒன்று கிடைத்தால் ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட எளிதாக வெளியே வரும் துளைதான் விரிந்தது. அளவெடுக்க வேண்டுமானால் கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து, வயரோடு ஒட்டி, மெல்லிய ஊசியால் தொட வேண்டும்.

டேங்கைத் தூக்கியிருந்தால் பம்ப்பின் கனெக்டர், பெட்ரோல் குழாயின் பூட்டு, டேங்கின் காற்றுக் குழாய் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தொட்டிருந்தால், காற்றழுத்த சென்சாருக்குப் போகும் சிறு ரப்பர் குழாய் கழன்று தொங்கக்கூடும்.

எர்த் வயரையும் மறக்க வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை மீண்டும் மாட்டி, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த நெகட்டிவிலும், மற்றொன்றை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து, செல்ஃபை அழுத்திப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இனி சாய்வு சென்சார். வண்டி விழுந்தால் பம்ப்பையும் பற்றவைப்பையும் நிறுத்துவதற்காக ஒரு சிறு சென்சார் இருக்கும். சீட்டுக்கு அடியிலோ, முகப்புக்குப் பின்னாலோ, பக்க பேனலுக்குள்ளோ திருகப்பட்டிருக்கும். அது நிமிர்ந்து, தன் மேல்பக்கக் குறி மேலே பார்க்க, உறுதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சோதனைக் கனெக்டரை எட்டுவதற்காகப் பேனலைக் கழற்றுபவர், வழியில் இருக்கிறதே என்று இதன் திருகையும் கழற்றி ஓரமாக விட்டிருந்தால், வண்டி நேராக நிற்கும்போதே ஈசியூவுக்கு அது விழுந்து கிடப்பதாகத் தெரியும்.

என் வண்டியில் நடந்தது இதுவே. ஒன்பதாம் நாள் மாலை, பக்க பேனலைக் கழற்றியபோது, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டி, தன் மூன்று வயர்களில் ஊசலாடிக்கொண்டு, ஏறக்குறையத் தலைகீழாகத் தொங்கியது. அது உட்கார வேண்டிய இரண்டு ரப்பர் வளையங்களும் தாங்கியில் வெறுமையாக இருந்தன. இரண்டு திருகுகளில் ஒன்று ஃபிரேமின் மடிப்பில் கிடந்தது, மற்றொன்று கிடைக்கவே இல்லை. பெட்டியைக் கையால் நிமிர்த்திப் பிடித்து, சாவியை அணைத்துப் போட்டேன். எட்டு நாட்களாகக் கேட்காத பம்ப் சத்தம் கேட்டது. முதல் அழுத்தலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அத்தனை நாளும் ஸ்கேனர் பிழை இல்லை என்று காட்டியதற்கும் காரணம் இருக்கிறது. சென்சாரின் வயர் அறுந்தாலோ, ஷார்ட் ஆனாலோதான் ஈசியூ அதைப் பழுது என்று பதிவு செய்யும். சென்சார் சாய்ந்திருப்பது பழுதல்ல. தன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது. ஆகையால் பிழைக்குறியீடு இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். மேலும், சாய்வு ஒருமுறை பதிவாகிவிட்டால் பல வண்டிகளில் சென்சாரை நிமிர்த்துவது மட்டும் போதாது, சாவியை அணைத்து மீண்டும் போட்டால்தான் ஈசியூ விடுவிக்கும்.

7. பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகியிருந்தால்

இன்ஜெக்டரை ஸ்கேனர் வழியாகத் திறந்து மூடிப் பார்த்திருந்தால், ஒவ்வொரு முறையும் பெட்ரோல் உள்ளே தெளிக்கப்பட்டிருக்கும். எரிப்பதற்கு ஆள் இல்லை. பிளக் நனைந்து தீப்பொறி விழாமல் போகும். சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை அடிப்பது இதன் அடையாளம்.

ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பல வண்டிகளில் அந்த நிலையில் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டு காற்றை மட்டும் உள்ளே விடும். உங்கள் வண்டியில் உண்டா என்பது கையேட்டில் இருக்கும். இரண்டு மூன்று முறைக்கும் மசியாவிட்டால், இன்ஜின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றி, துடைத்து, உலர்த்தி மாட்டுங்கள்.

தீப்பொறி பார்ப்பதற்காகப் பிளக்கைக் கழற்றி அந்தரத்தில் பிடித்தபடி செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்கின் உடல் இன்ஜின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் உயர் மின்னழுத்தம் போக வழியின்றிக் காயிலையோ ஈசியூவையோ பழுதாக்கும். பிளக் துளையின் வாய்க்கு அருகிலும் பிடிக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும்.

8. சாவியை வண்டி அடையாளம் காண்கிறதா

பதிவான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டியில், சாவியைப் போட்டதும் சாவி வடிவ விளக்கு சிறிது நேரத்தில் அணைய வேண்டும். அது அணையாமல் நின்றாலோ, சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ, ஈசியூ உங்கள் சாவியை ஏற்கவில்லை. வளையத்தில் இருக்கும் வேறு வண்டிச் சாவிகளைக் கழற்றி, ஒற்றைச் சாவியால் முயலுங்கள். பிறகு இரண்டாவது சாவியால் முயலுங்கள்.

சோதனையின்போது சாவிப் பதிவைத் தொட்டார்களா என்று கேளுங்கள். சில வண்டிகளில் புதுச் சாவியைப் பதியும்போது, உடன் இல்லாத பழைய சாவிகளின் பதிவு நீங்கிவிடும். வண்டி வாங்கும்போது தந்த சாவி எண் தகடு இருந்தால் அதையும், உரிமைச் சான்றையும், உங்கள் அடையாளச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். சாவியை மறுபதிவு செய்யப் பொதுவாக இவற்றைக் கேட்பார்கள்.

9. மீண்டும் ஸ்கேன் செய்யும்போது எதைப் படிப்பது

இவ்வளவுக்குப் பிறகும் எழவில்லையென்றால் மீண்டும் ஸ்கேனர் தேவை. இம்முறை பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்த நிலையில், நீங்களும் அருகில் இருந்து பாருங்கள்.

குறியீடுகளில் தற்போது இருப்பது, பழையது என்ற பிரிவைக் கேளுங்கள். சாவி போட்டிருக்கும்போதே ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றியிருந்தால், அந்த சென்சார் பெயரில் ஒரு குறியீடு பதிந்திருக்கும். அது நல்ல சென்சார்தான். அதை நம்பிப் புதிது வாங்கியவர்கள் உண்டு. அழித்த பின் சாவியைப் போட்டதுமே திரும்பி வரும் குறியீட்டை மட்டும் நம்புங்கள்.

ஸ்டார்ட் ஆகாமைக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை சில: பி0335 என்றால் கிராங்க் பொசிஷன் சென்சாரின் மின்சுற்று, பி0201 என்றால் முதல் சிலிண்டர் இன்ஜெக்டரின் சுற்று, பி0351 என்றால் காயிலின் சுற்று, பி0230 என்றால் பெட்ரோல் பம்ப் சுற்று, பி0562 என்றால் மின்னழுத்தம் குறைவு. இவை எல்லாம் சுற்றைத்தான் குறிக்கின்றன, பாகத்தை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். சுற்றில் வயரும் கனெக்டரும் சேர்த்தி. பாகத்தை வாங்குமுன் அவ்விரண்டையும் பாருங்கள்.

குறியீட்டைவிடப் பயன் தருவது நேரலை அளவுகள். செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் வேகம் நிமிடத்துக்குச் சில நூறு சுழற்சியாவது காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சாரின் செய்தி ஈசியூவை எட்டவில்லை, ஈசியூ தீப்பொறியும் தராது, பெட்ரோலும் தராது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் இன்ஜின் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பனிக்கட்டி அளவைக் காட்டினால் அதன் கனெக்டர் கழன்றிருக்கிறது. இன்ஜின் ஓடாத நிலையில் காற்றழுத்த சென்சார் சுற்றுப்புற அழுத்தத்தைக் காட்ட வேண்டும், கடல்மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். சாய்வு சென்சாரின் நிலையும் இந்தப் பட்டியலில் பல வண்டிகளில் இருக்கும். என்னுடைய வண்டியில் இந்த ஒரு வரியை முதல் நாளே யாரேனும் படித்திருந்தால் போதும்.

10. ஈசியூவைக் கடைசியில் சந்தேகியுங்கள்

வேறு எதுவும் பிடிபடவில்லை என்பதால் ஈசியூ போய்விட்டது என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஈசியூவுக்கு மின்சாரம் வருகிறது, எர்த் சரியாக இருக்கிறது, ஆயினும் ஸ்கேனருடன் அது பேச மறுக்கிறது, அல்லது பி0601 போன்ற நினைவகக் குறியீடு நிற்கிறது என்று அளந்து காட்டினால்தான் அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு.

மென்பொருள் ஏற்றும்போது பேட்டரி இறங்கியோ, கனெக்டர் ஆடியோ இணைப்பு அறுந்திருந்தால் ஈசியூ பாதியில் நின்றிருக்கும். அதைத் தூக்கியெறியத் தேவையில்லை. பல வேளைகளில் நிலையான மின்சாரத்துடன் மறுபடி ஏற்றினால் மீளும். எந்தப் பதிப்பு இருந்தது, எது ஏற்றப்பட்டது, ஈசியூவின் பாக எண் என்ன என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். வேறு வண்டியின் ஈசியூவை மாட்டிப் பார்க்கலாம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்; இம்மொபிலைசர் உள்ள வண்டியில் அது சாவியோடு பொருந்தாமல் இன்னொரு குழப்பத்தைக் கூட்டும்.

11. செலவும் நேரமும்

மூன்றாம் படி வரை காசு இல்லை. மல்டிமீட்டர் ஒருமுறைச் செலவு, எந்த சென்சாரையும்விட மலிவு. அதற்கு மேல் சார்ஜ், பிளக், பேட்டரி, சென்சார், பம்ப், ஈசியூ என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அதே வரிசையில்தான் நீங்களும் போக வேண்டும்.

ஸ்கேன் கட்டணம் தனியா, பழுது பார்த்தால் கழித்துக்கொள்ளப்படுமா, மறு ஸ்கேனுக்கு மீண்டும் கட்டணம் உண்டா என்பதை வண்டியை விடுமுன் கேளுங்கள். ஒருமுறை மாட்டிய மின் உதிரிபாகத்தைத் திரும்ப வாங்கமாட்டோம் என்பது பல கடைகளின் வழக்கம். சென்சாரையோ ஈசியூவையோ வாங்குமுன், இதுதான் காரணம் என்று எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, அந்த அளவை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள்.

நேரக் கணக்கில், முதல் மூன்று படிகளும் 5-ஆம் படியும் சேர்ந்து அரைமணி. பேட்டரி ஓர் இரவு. கனெக்டர்களைப் பொறுமையாகப் பார்க்க ஓர் அரைநாள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

12. ஸ்டார்ட் ஆன உடனே

இன்ஜின் ஓடும்போது பேட்டரியை மீண்டும் அளங்கள். சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி கழற்றி மாட்டப்பட்டதால் ஐட்லிங் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். சில வண்டிகளில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு முறை கையேட்டில் தரப்பட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். பேனல்களை மூடுவதற்கு முன், கழற்றிய திருகுகளை ஒரு தட்டில் எண்ணிப் பாருங்கள், சாய்வு சென்சாரைக் கையால் ஆட்டிப் பாருங்கள், அடாப்டர் கனெக்டரில் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு ஹேண்டிலை இருபக்கமும் முழுவதும் திருப்பி, எந்தப் பக்கமும் இன்ஜின் திணறவில்லை என்று பார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.